தலையிடிக்கும் ஒரு வரலாறு உண்டு

எமது ஊர்களின் வரலாற்றை எழுதியவர்கள் நோய்களைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள். கொலரா வந்த காலம், அம்மை பரவிய காலம், 1934-35இல் இலங்கையை உலுப்பிய மலேரியா என்று அவற்றுக்குப் பக்கங்கள் உண்டு. ஆட்களைக் கொன்று ஊர்களை வெறிச்சோட வைத்த நோய்களுக்கே அந்தப் பக்கங்கள் கிடைத்தன. தலையிடி ஊரை அழிப்பதில்லை. மாதத்தில் சில நாட்கள் ஒரு பெண்ணை இருட்டறையில் கிடத்திவிட்டு, மறுநாள் அவளை அடுப்படிக்குத் திருப்பி அனுப்பிவிடும். மையித்து வீடும் இல்லை, தழும்பும் இல்லை. ஆகவே அதற்கு வரலாறும் எழுதப்படவில்லை.

அந்த வரலாற்றில் எமது சமூகத்தோடு தொடர்புபட்ட ஒரு பகுதியை இங்கு எழுதிப் பார்க்கிறேன். நான் எழுதுவது இறக்கக்கண்டியை மனதில் வைத்து. திருகோணமலையிலிருந்து புல்மோட்டைக்குப் போகும் கரையோர வீதியில், நிலாவெளியைத் தாண்டி வரும் ஊர் அது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, இடையில் பாலம். வெயில் மேலிருந்து வருவது போதாதென்று மணலிலும் நீரிலும் பட்டுக் கீழிருந்தும் கண்ணில் அடிக்கும். இரவுத் தொழிலுக்குப் போகிறவர்களின் உறக்கம் பகலுக்கு மாறிவிடும். தோணி கரைக்கு வரும் நேரத்தைப் பார்த்துத்தான் பல வீடுகளில் உலை ஏறும். பெண்கள் கடைசியாகச் சாப்பிடுவார்கள். கண்கூசும் வெளிச்சம், குழம்பிய உறக்கம், பிந்திய சாப்பாடு என்ற இந்த மூன்றையும்தான் இன்றைய தலையிடி நிபுணர்கள் முதலில் விசாரிக்கிறார்கள்.

எங்கள் பக்கத்துப் பெண்களின் பேச்சில் தலையிடி என்பது ஒரே நோயாக இருந்ததில்லை. தலைப்பாரம் வேறு, மண்டையிடி வேறு, கபாலக்குத்து வேறு, ஒற்றைத் தலையிடி வேறு. “எந்த இடி?” என்று ஒருத்தி கேட்டால் மற்றவள் பதில் சொல்வாள். இன்று இந்தச் சொற்கள் அருகிவிட்டன. கடைக்காரரிடம் “தலையிடிக்கு ரெண்டு” என்றால் போதுமானது. எந்தத் தலையிடி என்று அவர் கேட்பதில்லை.

தனியாளுக்கேற்ற வைத்தியம், வருமுன் காத்தல் என்ற இரண்டு எண்ணங்களும் நாட்பட்ட தலையிடி தொடர்பில் இப்போது மிகுதியாகப் பேசப்படுகின்றன. ஒரே நோய்ப் பெயரைக் கொண்ட இருவருக்கு ஒரே மருந்து பொருந்தாது. வலி வந்தபின் அதனோடு மல்லுக்கட்டுவதிலும் பார்க்க, அது வரும் நாட்களைக் குறைப்பதே முதல் வேலை. இவற்றின் சாரம் இதுதான். இவை எமக்கு முற்றிலும் புதியவையா, இல்லையென்றால் எங்கே தொலைந்தன என்பதே எனது கேள்வி.

*

பெயரிலிருந்து தொடங்கலாம். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் காலன், தலையின் பாதியைப் பிடிக்கும் வலியை ‘ஹெமிக்ரானியா’ என்றார். பாதி மண்டை என்பது அதன் பொருள். ‘மைக்ரேன்’ என்ற இன்றைய சொல் அதிலிருந்து தேய்ந்து வந்தது. அறபு மருத்துவர்கள் அதனை ‘ஷகீகா’ என்றார்கள். பிளந்த ஒரு பாதி என்ற கருத்து அதில் உண்டு. வடமொழி மருத்துவ நூல்களில் ‘அர்த்தாவபேதகம்’; அதிலும் பாதி இருக்கிறது. தமிழில் ஒற்றைத் தலைவலி, எங்கள் வாயில் ஒற்றைத் தலையிடி. நான்கு மொழிகளும் நோயாளி கைவைத்துக் காட்டிய இடத்தையே பெயராக்கியிருக்கின்றன. மருத்துவர் முதலில் நோயாளியைப் பார்த்திருக்கிறார், கேட்டிருக்கிறார் என்பதற்கு இந்தப் பெயர்களே சாட்சி.

நபி (ஸல்) அவர்கள் இஹ்ராமில் இருந்தபோது தமக்கிருந்த ஷகீகா காரணமாகத் தலையில் ஹிஜாமா செய்துகொண்டார்கள் என்ற செய்தி புகாரியின் மருத்துவப் பாடத்தில் பதிவாகியுள்ளது. ஹிஜாமாவின் பயன் பற்றிய விவாதத்துக்குள் நான் போகவில்லை. இறைதூதர் ஒருவரின் தலைவலியைக் கூட மறைக்காமல், அதன் வகையைப் பெயர் சொல்லி, அது நேர்ந்த சூழலோடு சேர்த்து அறிவித்தார்கள் என்பதைத்தான் கவனிக்கிறேன். தலையிடியைச் சொல்ல வெட்கப்படும் வழக்கம் அங்கிருந்து வந்ததல்ல.

ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கும் அவரது குழுவினரும் காலனின் நூல்களை மொழிபெயர்த்தார்கள். அந்த அறிவு அறபு மொழிக்குள் வந்தபின் அதனை வளர்த்தவர்களில் இருவர் எமது பேச்சுக்கு முக்கியமானவர்கள்.

ஒருவர் அர்ராஸி. 865இல் ரய் நகரில் பிறந்தவர், 925 அளவில் மறைந்தவர். அவரது ‘அல்-ஹாவி’ அவர் இறந்தபின் அவரது குறிப்பேடுகளிலிருந்து தொகுக்கப்பட்டது. ஹைதராபாத்தின் தாயிரத்துல் மஆரிஃப் நிறுவனம் 1955 முதல் அதனைப் பல தொகுதிகளாக அச்சிட்டது. முதல் தொகுதி தலை நோய்களைப் பற்றியது. பழைய நூல்கள் சொல்வதை எடுத்தெழுதிவிட்டு, தான் பார்த்த நோயாளிக்கு என்ன நடந்தது என்பதையும் அர்ராஸி எழுதிவைத்தார். நூலில் உள்ளது நோயாளியிடம் பொய்த்துப் போனால் அதையும் எழுதினார்.

மற்றவர் இப்னு சீனா. ‘அல்-கானூன் ஃபித் திப்’ 1025 அளவில் நிறைவடைந்தது. ஐந்து பாகங்கள் கொண்ட அந்நூலின் மூன்றாம் பாகம், உடலின் நோய்களைத் தலையில் தொடங்கிக் கால்வரை சொல்லிச் செல்கிறது. எமது புலவர்கள் சொல்வதுபோல் கேசாதிபாதம். அதில் தலையிடிக்கென்று விரிவான பகுதி உண்டு. தலை முழுவதையும் முட்டை ஓடு போலவோ தலைக்கவசம் போலவோ கவ்விப் பிடிக்கும் ஒரு வகையை அவர் விவரிக்கிறார். அந்த நோயாளிக்குச் சிறு அசைவும் பேச்சுச் சத்தமும் வெளிச்சமும் பொறுக்காது. இருட்டில் தனியே கிடக்கவே விரும்புவார். சத்தமும் வெளிச்சமும் பொறுக்க முடியாமை, அசைவினால் வலி கூடுதல் ஆகியவை மைக்ரேனை அடையாளங் காண இன்றும் பயன்படும் குறிகள்.

கானூனின் அடித்தளத்தில் இரண்டு கருத்துகள் இருந்தன. ஒன்று மிஸாஜ், அதாவது ஒவ்வொருவரின் உடற்குணம். ஒரே வலிக்கு வெப்பக் குணம் உடையவருக்கு ஒரு வழி, குளிர்ந்த குணம் உடையவருக்கு இன்னொரு வழி. மற்றது, உயிரோடு இருக்கும் எவரும் தவிர்க்க முடியாத ஆறு காரணிகள்: காற்று, உணவும் பானமும், உடலின் உழைப்பும் ஓய்வும், மனதின் கொந்தளிப்பும் அமைதியும், உறக்கமும் விழிப்பும், உடல் கழிப்பதும் தேக்குவதும். யூனானி வைத்தியர் மருந்துக்குப் போகுமுன் இந்த ஆறையும் விசாரிக்க வேண்டும். எது நிலை தவறியிருக்கிறதோ அதனைச் சீர்செய்வது முதல் வைத்தியம்; மருந்து அதன்பின். 2019இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழ் மைக்ரேன் நோயாளிகளுக்கான வாழ்க்கை ஒழுங்கை ஐந்து தலைப்புகளில் தொகுத்துத் தந்தது: உறக்கம், உடற்பயிற்சி, உணவு, குறிப்பேடு, மன அழுத்தம். ஆறுக்கும் ஐந்துக்கும் அதிக தூரமில்லை. குறிப்பேட்டை அர்ராஸியிடம் பார்த்தோம்.

இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டு “எல்லாம் எம்மவர் கண்டதே” என்று எழுதுவது எமது சஞ்சிகைகளில் நடக்கும் காரியந்தான். அது பாதிக் கதை. இரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும் பித்தம் என்ற நான்கு திரவங்களின் கூடுதல் குறைவால் நோய் வருகிறது என்ற கோட்பாடு பின்னைய ஆராய்ச்சியில் நிற்கவில்லை. வைத்திய முறைகளும் எல்லாம் மென்மையானவை அல்ல. குர்துபாவின் பெரும் சத்திர வைத்தியர் அஸ்ஸஹ்ராவி, தீராத ஒற்றைத் தலையிடிக்குப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுடுவதையும், பொட்டில் கீறி உள்ளே வெள்ளைப்பூடு வைப்பதையும் எழுதியிருக்கிறார். அன்றைய நோயாளி அதற்கும் உடன்பட்டார் என்றால் அவரது வலி எத்தகையதாக இருந்திருக்கும்! முன்னோர் கேட்ட கேள்விகள் நல்லவை. அவர்கள் கண்ட விடைகளில் சில சரி, சில பிழை. எதைப் பேணுவது, எதை விடுவது என்று பிரித்தறிவதே வாரிசுகளின் வேலை.

*

இந்த மருத்துவம் எமது தீவுக்கு வந்ததற்கு நாமெல்லோரும் அறிந்த ஒரு சான்று உண்டு. அதனை வணிகப் பெருமைக்காக மேற்கோள் காட்டுவோமே தவிர மருத்துவத்துக்காக வாசிப்பது குறைவு. இலங்கையின் பிரதம நீதியரசராக இருந்த சேர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன், 1827இல் றோயல் ஆசியக் கழகத்தின் செயலாளருக்கு எழுதிய கடிதமே அது. கொழும்பில் கிடைத்த கூபிக் கல்வெட்டு ஒன்றைப் பற்றிய அக்கடிதத்தில் அவர் முஸ்லிம் வைத்தியர் ஒருவரைக் குறிப்பிடுகிறார். 1806இல் உள்நாட்டு மருத்துவப் பகுதியின் மேற்பார்வையாளராக அவரை நியமித்தவர் ஜோன்ஸ்டனே. அவரது குடும்பம் எழுநூறு ஆண்டுகளாக இத்தீவில் தந்தைக்குப்பின் மகனாக வைத்தியம் பார்த்து வந்ததாம். ஆசியாவின் பல பகுதிகளிலிருந்து மருத்துவ நூல்களைச் சேர்த்து, குடும்பப் பழக்கத்தையும் தனது அனுபவத்தையும் கூட்டி, முஸ்லிம் வைத்தியர்கள் பயன்படுத்திய மூலிகைகளைப் பற்றி அவர் ஓர் அறிக்கை எழுதினார். 1810இல் இலங்கையில் அரச தாவரவியல் தோட்டம் அமைக்கத் தான் யோசனை கூறியதற்கு அந்த அறிக்கையை ஜோன்ஸ்டன் தொடர்புபடுத்துகிறார்.

அதே கடிதத்தில் இன்னொரு செய்தி. அரிஸ்டோட்டில், யூக்ளிட், காலன் முதலியோரின் அறபு மொழிபெயர்ப்புகளிலிருந்து எடுத்த பகுதிகளை ஆலிம்களும் வணிகர்களும் தன்னிடம் கொண்டுவந்து காட்டினார்கள் என்கிறார். மூல நூல்கள் பக்தாதிலிருந்து வந்து பல நூற்றாண்டுகள் இங்குள்ள குடும்பங்களில் இருந்தனவாம். கையில் பணமில்லாத காலத்தில் கீழைத்தீவுகளுக்குப் போகும் வணிகர்களுக்கு விற்கப்பட்டனவாம். பெயர்பெற்ற ஆலிம் ஒருவர் ஜோன்ஸ்டனுக்குத் தந்த மூன்று பெரிய தொகுதிகள் 1809இல் ‘லேடி ஜேன் டண்டஸ்’ என்ற கப்பலோடு கடலில் போயின. அவரும் குடும்பத்தாரும் முதலில் அதே கப்பலில் போவதாக இருந்தது.

காலனின் பாதி மண்டை வலி அறபில் எழுதப்பட்டு, பக்தாதிலிருந்து கப்பலேறி, இந்தத் தீவின் வீடுகளில் இருந்து, வறுமையில் விலைபோய், எஞ்சியதும் கடலுக்குள் போனது. எமது அறிவு மரபு பற்றிப் பேசுகிறவர்கள் இந்த இழப்பையும் சேர்த்துப் பேச வேண்டும்.

நூல் போனாலும் பழக்கம் ஓரளவுக்கு நின்றது. அது தமிழ் வைத்தியத்தோடு கலந்து நின்றது. யாழ்ப்பாண அரசர் காலத்தோடு தொடர்புபடுத்தப்படும் ‘பரராசசேகரம்’ என்ற மருத்துவ நூலை ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை 1920களின் பிற்பகுதியிலிருந்து பாகம் பாகமாகப் பதிப்பித்தார். அதன் முதற் பாகம் சிரரோக நிதானம். கானூனின் மூன்றாம் பாகம் போல இதுவும் தலையில்தான் தொடங்குகிறது. சித்தர் மரபில் மக்காவுக்குப் போய் யாக்கோபு என்று பெயர் கொண்டதாகச் சொல்லப்படும் இராமதேவர் கதையும், அறபுத்தமிழில் எழுதப்பட்ட மருத்துவச் சுவடிகளும் இந்தக் கலப்பின் அடையாளங்களே. 1929இல் கொழும்பில் திறக்கப்பட்ட சுதேச வைத்தியக் கல்லூரியில் ஆயுர்வேதம், சித்தம், யூனானி மூன்றும் இடம்பெற்றன. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம், யூனானியையும் சித்தத்தையும் ஆயுர்வேதம் என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கியது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் இன்று பட்டப்படிப்பாக இருக்கிறது.

*

ஊர் மட்டத்தில் இந்த மரபு எப்படி இயங்கியது என்பதை எழுத்தில் தேடிக் காண்பது கடினம். நான் சிறுவனாக இருந்தபோது பார்த்ததைச் சொல்கிறேன். பரிசாரியார் வீட்டுக்கு வந்தால் விறாந்தையில் பாயில் இருப்பார். மூத்தம்மா உள்ளே திரைச்சீலைக்குப் பின்னால். கேள்விகளைக் கொண்டுபோய்ப் பதில்களைக் கொண்டுவருவது எனது வேலை. எந்தப் பக்கம் இடிக்கிறது, காலையிலா பொழுதுபடவா, சூரியன் ஏற ஏறக் கூடுகிறதா, இராத்திரி உறங்கினாயா, எத்தனை மணிக்குச் சோறு, வயிறு போனதா, மனதுக்குள் ஏதும் கவலையா என்று வரிசையாகக் கேட்பார். கானூனை அவர் கண்ணால் கண்டவரல்ல. ஆனால் ஆறு காரணிகளில் எதையும் அவர் விடவில்லை என்பது பின்னாளில் நூல்களைப் படித்தபோது எனக்குப் புரிந்தது.

சுக்கு அரைத்து நெற்றியில் பற்றுப் போடச் சொல்வார். வேது பிடிக்கச் சொல்வார். அவை அன்றைய வலிக்கு. அடுத்த வலி வராமலிருக்க வேறு சொல்வார்: உச்சி வெயிலில் மீன் காயவைக்கப் போகாதே, ஆண்கள் வரும்வரை பசியோடு இராதே, பகலில் உறங்கி இரவை விழிக்காதே. இந்தப் பேச்சைத்தான் இன்று வருமுன் காத்தல் என்கிறோம்.

ஒரு கேள்வியை மட்டும் அவர் கேட்டதில்லை. பெண்களில் மைக்ரேன் ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். பலருக்கு அது மாதவிடாய் நாட்களை ஒட்டி வரும். ஒரு பெண்ணின் தலையிடியை விளங்கிக்கொள்ள அந்தத் தேதிகள் அவசியம். சிறுபையன் ஒருவன் ஊடாக, திரைச்சீலையைத் தாண்டி, அந்தக் கேள்வி எப்படிப் போகும்? யூனானி முறை ஒவ்வொருவரின் உடலையும் தனியே அறியச் சொன்னது. எமது வழக்கமோ பாதிப்பேரின் உடலைக் கேட்கவே விடவில்லை. மாதாமாதம் வரும் அந்த வலிக்குக் கண்ணூறு, காத்துக்கருப்பு என்று வேறு பெயர்கள் கிடைத்தன. ஓதிய தண்ணீரும் இசிமும் நூலும் வந்தன. ஓதலில் பலருக்கு மன ஆறுதல் கிடைத்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் நாட்காட்டியைப் பார்த்தால் தெரிந்திருக்கக்கூடிய ஒன்று பல தலைமுறைகளுக்குத் தெரியாமலே போயிற்று.

*

பின்னர் மாத்திரை வந்தது. பரசிட்டமோல் 1956இல் பிரித்தானியாவில் பனடோல் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. நல்ல மருந்து; அளவோடு எடுத்தால் பாதுகாப்பானது; காசும் அதிகமில்லை. இலங்கையில் தலையிடிக்கு மறுபெயரே பனடோல் என்னுமளவுக்கு அது வேரூன்றியது. மலிவான மருந்து ஏழையின் கைக்கு எட்டியது பெரும் நன்மை. அதே நேரம், கேள்வி கேட்கும் ஆள் இல்லாமலே மருந்து கிடைக்கும் நிலையும் வந்தது. போரும் இடப்பெயர்வும் 2004 டிசம்பர் 26இன் கடலும் இக்கரையோர ஊர்களைக் குலைத்தபின் பரிசாரியார்களும் குறைந்துபோனார்கள். உறக்கம் கெட்டுப்போன, கவலை குடிகொண்ட வீடுகளில் மாத்திரை அட்டை மட்டும் தவறாமல் இருந்தது.

இங்கே பலர் அறியாத ஒரு பொறி இருக்கிறது. தலையிடிக்கு எடுக்கும் மாத்திரையே, நாட்கள் கூடும்போது, தலையிடியை உண்டாக்கும். சர்வதேசத் தலையிடிக் கழகத்தின் வகைப்பாடு இதற்கு எல்லை வகுத்திருக்கிறது. பரசிட்டமோல் போன்ற தனி வலிநிவாரணியை மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ, மூன்று மாதங்களுக்கு மேல் எடுப்பவர்களுக்கு இந்த ஆபத்து உண்டு. பல மருந்துகள் கலந்த மாத்திரைகள், எர்கொட்டமின், திரிப்டான் வகை ஆகியவற்றுக்கு எல்லை 10 நாட்கள்தான். மூளையின் வலி உணரும் அமைப்பு மருந்துக்குப் பழகி, மருந்து இறங்கும்போது வலியை எழுப்புகிறது. அதற்கு மீண்டும் மாத்திரை. இப்படி மாதத்தில் நான்கு நாட்கள் வந்த ஒற்றைத் தலையிடி அன்றாட மண்டையிடியாக மாறுகிறது. காலையில் தேநீரோடு ஒன்று, பொழுதுபட ஒன்று என்று ஆண்டுக்கணக்காக விழுங்கும் பெண்கள் எமது உறவுக்குள்ளேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு மேலும் பலமான மாத்திரை தேவைப்படவில்லை. எத்தனை நாள் எடுத்தாய் என்று கேட்க ஓர் ஆள் தேவைப்படுகிறது.

நவீன மருத்துவத்துக்குள்ளும் வருமுன் காக்கும் எண்ணம் மெதுவாகவே வளர்ந்தது. 1959இல் இத்தாலியரான சிக்குத்தேரி மெதிசேர்ஜைட்டைத் தடுப்பு மருந்தாக அறிமுகப்படுத்தினார். அது பலருக்கு உதவியது. சிலருக்கு உள்ளுறுப்புகளைச் சுற்றித் தழும்புத் தசையை வளர்த்தது தெரியவந்து பின்னர் கைவிடப்பட்டது. ஒவ்வொரு காலத்துக்கும் அதனதன் சூட்டிரும்பு உண்டு. 1964இல் அவுஸ்திரேலியாவின் லான்ஸும் கரனும், மனச்சோர்வுக்குத் தரும் அமிட்ரிப்டிலின் நாட்பட்ட இறுக்கத் தலையிடியைக் குறைப்பதைக் காட்டினர். 1966இல் நெஞ்சுவலிக்காக ப்ரொப்ரனொலோல் எடுத்த ஒருவரின் மைக்ரேன் குறைந்தது கவனிக்கப்பட்டது. நோயாளி தற்செயலாகச் சொன்னதை வைத்தியர் காதில் வாங்கியதால் கிடைத்த மருந்து அது. 1980களில் கண்டறியப்பட்ட சி.ஜி.ஆர்.பி. என்ற நரம்புப் புரதத்தின் வழியைத் தடுக்கும் ஊசி மருந்துகளில் முதலாவதான எரெனுமாப், 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதன் விலை எமது ஊருக்கு எட்டாதது. பழைய மருந்துகளுக்கு அந்தத் தடை இல்லை. 1971இல் சேனக்க பிபிலே முன்னின்று உருவாக்கிய அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் கொள்கையே, வணிகப் பெயருக்குக் காசு கொடுக்காமல் மருந்தை அதன் சொந்தப் பெயரில் மக்களுக்குக் கொடுப்பதாகும். ப்ரொப்ரனொலோலும் அமிட்ரிப்டிலினும் அத்தகைய மலிவான மருந்துகள்.

இந்த மருந்துகளிலும் ஆளைப் பார்த்தே தெரிவு. இழுப்பு உள்ளவருக்கு ப்ரொப்ரனொலோல் ஆகாது. பிள்ளை பெறும் வயதுப் பெண்ணுக்கு வல்ப்ரோயேட் ஆகாது. அது கருவைப் பாதிக்கும். உறக்கம் கெட்டவருக்கு இரவில் சிறிதளவு அமிட்ரிப்டிலின் பொருத்தமாகலாம். இரவில் தோணி ஓட்டுகிறவருக்கு அந்த மயக்கமே ஆபத்தாகலாம். பயன் தெரிய இரண்டு மூன்று மாதங்கள் பிடிக்கும். வலி முற்றாகப் போவது இலக்கல்ல; வலி வரும் நாட்கள் பாதியாகக் குறைந்தாலே வெற்றி என்று கணக்கிடுகிறார்கள். மிஸாஜ் என்ற சொல் இல்லை. அதன் இடத்தில் நோயாளிகளை ஒப்பிட்டுச் செய்த பரிசோதனைகளின் கணக்கு இருக்கிறது. எமது முன்னோரிடம் இல்லாதது அந்தக் கணக்கு.

நாங்கள் தலையிடியை முன்கூட்டியே அறிந்து தடுக்கக்கூடிய ஒரு மாதமும் உண்டு. நோன்பின் முதல் சில நாட்களில் அஸருக்குப் பின் தலை இடிக்காத வீடு குறைவு. பட்டினியால் வரும் தலையிடிக்கு மேற்சொன்ன வகைப்பாட்டில் தனி இடமே உண்டு. அதில் ஒரு பங்கு தேநீருக்குரியது. நாளொன்றுக்கு ஐந்தாறு கோப்பை தேநீரோ கோப்பியோ குடித்துப் பழகியவர் திடீரென்று நிறுத்தினால் ஒரு நாளுக்குள் தலையிடி வரும்; ஒரு வாரத்துக்குள் தணியும். ஷஃபான் மாதத்திலேயே கோப்பைகளை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டு வருவது இதற்கு எளிய தடுப்பு. ஸஹரை விடாமல் எழும்புவது, இப்தாருக்கும் ஸஹருக்கும் இடையில் தண்ணீரைப் பரவலாகக் குடிப்பது, இரவு விழிப்பைப் பகலில் ஓரளவு ஈடுசெய்வது ஆகியன மற்றவை. தடுப்பு மருந்து எடுப்பவர் நோன்புக்காக அதனைத் தானாக நிறுத்தக்கூடாது; நேரத்தை இரவுக்கு மாற்ற முடியுமா என்று வைத்தியரிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும். நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகை கடும் மைக்ரேனுக்கும் பொருந்துமா என்பதை ஆலிமும் வைத்தியரும் சேர்ந்திருந்து சொல்லலாம்.

எந்தத் தலையிடியையும் வீட்டில் வைத்துப் பார்க்கலாம் என்று நான் சொல்லவில்லை. கண நேரத்தில் உச்சத்துக்கு ஏறும் வலி, காய்ச்சலும் பிடரி விறைப்பும் சேர்ந்த வலி, கைகால் சோரும் அல்லது பேச்சுக் குழறும் வலி, ஐம்பது வயதுக்குப்பின் புதிதாகத் தொடங்கும் வலி, தலையில் அடிபட்டபின் வரும் வலி ஆகியவற்றுக்குக் குறிப்பேடு வேண்டாம்; உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

*

2019ஆம் ஆண்டுக்கான உலக நோய்ச்சுமைக் கணக்கெடுப்பில், மனிதரை இயலாமல் ஆக்கும் நோய்களில் மைக்ரேன் இரண்டாம் இடத்தில் இருந்தது. 50 வயதுக்குட்பட்ட பெண்களிடையே முதலிடத்தில். இவ்வளவு பெரிய துன்பம் எமது கதைகளிலும் கவிதைகளிலும் கூட, நெற்றியில் சேலைத் தலைப்பைக் கட்டிக்கொண்டு படுத்திருக்கும் ஒரு பின்னணிப் பாத்திரமாக மட்டுமே வருகிறது.

பக்தாதின் நூல்களை இனி மீட்க முடியாது. மீட்கக்கூடியது அவற்றின் வழக்கம்: கேட்பது, எழுதுவது, எழுதியதைப் பார்த்து முடிவெடுப்பது. அதற்குப் பள்ளிக்கூடப் பிள்ளையின் ஒரு கொப்பி போதும். தலையிடி வந்த தேதி, தொடங்கிய நேரம், எந்தப் பக்கம், முந்திய இரவின் உறக்கம், கடைசியாகச் சாப்பிட்ட நேரம், வெயில், கவலை, பெண்ணானால் மாதவிடாய்த் தேதி, எடுத்த மாத்திரைகளின் எண்ணிக்கை. மூன்று மாதம் எழுதி, ஆஸ்பத்திரியில் சில நிமிடங்களே கிடைக்கும் வைத்தியரின் மேசையில் அதை வைத்தால், அவர் மாத்திரை எழுதுமுன் வாசிக்க ஏதோ ஒன்று இருக்கும். எழுதத் தெரியாத உம்மாவுக்கு மகள் எழுதிக் கொடுக்கலாம். மகளென்றால் கடைசிக்கு முந்திய கேள்வியையும் அவளால் கேட்க முடியும்.